மாலை நாலரை மணிக்கு மேல் என்ன செய்வாய்?

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இது. கோடு போட்ட நோட்டுத் தாளில் ஆறு பக்கம், அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார் மாணவி. பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, ப்ளஸ் டூவில் 600-க்கு 531 வாங்கியிருக்கிறார். பி.காம். முடித்து, சி.ஏ. (பட்டயக் கணக்காளர் படிப்பு) படித்து ஆடிட்டர் ஆக வேண்டும் என்று ஆசை. இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று மதுரை நகருக்குள் இருக்கும் பழைய மகளிர் கல்லூரி. இன்னொன்று திருமங்கலத்தைத் தாண்டி நான்குவழிச் சாலையை ஒட்டிய சுயநிதிக் கல்லூரி. அங்கே பெரிய வளாகம், மரங்கள், மைதானம், உள்ளேயே விடுதி. அப்பாவுக்கு வளாகம்தான் பிடித்திருக்கிறது: "காம்பவுண்டுக்குள்ள இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரும்." அம்மாவுக்கு மகள் வீட்டிலிருந்தே போய்வர வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், "காட்டுக்குள்ள போய் மூணு வருஷம் என்ன செய்யப் போற? டவுனுல படி" என்கிறார். செல்லூரில் இருக்கும் அத்தை தன் வீட்டில் தங்கிக்கொள்ளச் சொல்கிறார். அத்தைக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருக்கிறார் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு மாணவி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். இதற்கிடையில் அப்பா வளாகக் கல்லூரியில் 10,000 ரூபாய் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வரும் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். "அந்த கேம்பஸைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சி.ஏ. படிக்க டவுனில் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்கு எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள மகளுக்கு,

முப்பது வருடம் கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்தேன். அதில் பதினோரு வருடம் பெண்கள் விடுதியின் காப்பாளராகவும் இருந்தேன். இப்போது மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வதே வேலை. உன் வயதுப் பிள்ளைகளை 'நீ' என்று கூப்பிட்டே பழகிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன்.

உன் ஆறு பக்கத்தில் அப்பா, அம்மா, அண்ணன், அத்தை நான்கு பேரும் என்ன நினைக்கிறார்கள் என்று விவரமாக இருக்கிறது. சேர்ந்த பிறகு உன்னுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எது வேண்டும் என்று தெரியாமல் நீ முழிப்பது அதனால்தான். கல்லூரி என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் காலை பத்திலிருந்து மாலை நாலரை வரைக்கும் உள்ள சமாசாரம். அந்த நேரத்தில் உன் இரண்டு கல்லூரிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதே அக்கவுண்ட்ஸ், அதே காஸ்டிங், அதே கம்பெனி சட்டம். பட்டம் தருவதும் இரண்டுக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு மேல்தான் இரண்டும் பிரிகிறது. நாலரையிலிருந்து இரவு பத்து வரை உள்ள ஐந்தரை மணி நேரத்தை பஸ்ஸிடம் கொடுக்கப் போகிறாயா, வார்டனிடமா, அத்தையிடமா, இல்லை உன் கையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறாயா? இதை மனதில் வைத்துக்கொண்டு உன் வீட்டார் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சி.ஏ.வுக்கு டவுன் வேண்டுமா?

அண்ணன் சொல்வதில் பாதி சரி. டவுன் வேண்டும்தான், ஆனால் இப்போதே வேண்டாம். ப்ளஸ் டூ முடித்தவர்கள் முதலில் எழுதுவது ஃபவுண்டேஷன் தேர்வு. நான்கு தாள், 2024 முதல் வருடத்துக்கு மூன்று முறை நடக்கிறது. அதில் தேறி இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்தால் எட்டு மாதம் படிப்புக் காலம், அப்புறம் இரண்டு குரூப்பாக ஆறு தாள். இரண்டு குரூப்பையும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி. முன்பு மூன்று வருடமாக இருந்ததை 2023-ல் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடமாகக் குறைத்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடத்துக்குத்தான் ஆடிட்டர் அலுவலகங்கள் இருக்கிற ஊரில் நீ இருந்தாக வேண்டும். அது உனக்கு மூன்றாம் வருடக் கடைசியிலோ, பட்டம் வாங்கிய பிறகோதான் வரும்.

யாரும் உனக்குச் சொன்னதாகத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.காமில் 55 சதவீதம் வாங்கினால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். அதனால் முதல் வருடமே ஃபவுண்டேஷனில் விழுந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பயப்படாதே. உனக்கு நிஜமான தடை வேறு. சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் கணக்கில் தோற்று நான் அதிகம் பார்த்ததில்லை. சட்டத் தாளில் கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் நேரம் போய், அங்கேதான் தோற்கிறார்கள்.

ஆக, முதல் இரண்டு வருடத்துக்கு உனக்குத் தேவையானவை மூன்று. தினமும் மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார ஒரு மேஜை வேண்டும். ஆன்லைன் வகுப்பு அறுந்துபோகாத இணையம் வேண்டும். சந்தேகம் கேட்க ஒரு சீனியர் அக்கா இருந்தால் ரொம்ப நல்லது. இவை வளாகத்திலும் இருக்கலாம், நகரத்திலும் இருக்கலாம். இரண்டு இடத்திலும் இல்லாமலும் போகலாம்.

நகரத்துக்கு வேறு லாபங்கள் உண்டு என்பதை நான் மறுக்கமாட்டேன். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே நமக்கும் புத்தகத்தைத் திறக்கத் தோன்றும். பட்டயக் கணக்காளர் கழகத்துக்கு மதுரையில் கிளை இருக்கிறது. தமுக்கத்தில் வருடா வருடம் புத்தகத் திருவிழா நடக்கிறது. இதையெல்லாம்விடப் பெரிய லாபம், ஊர் பழகுவது. தனியாக பேங்குக்குப் போய் ஃபார்ம் நிரப்புவது, தெரியாத ஆளிடம் வழி கேட்பது, ஒரு ஆடிட்டர் ஆபீஸ் படியேறி "சார், ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு ஆள் எடுக்கிறீங்களா?" என்று கேட்பது எல்லாம் பழகினால்தான் வரும்.

ஆனால் நகரக் கல்லூரியில் சேர்ந்தாலே நகரம் கைக்கு வந்துவிடாது. நான் சோழவந்தானிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்து படித்தவள். மூன்று வருடம் மதுரையில்தான் படித்தேன் என்று பெயர். எனக்குத் தெரிந்த மதுரையெல்லாம் ரயில்வே ஸ்டேஷனும், கல்லூரி கேட்டும், நடுவில் ஒரு டவுன் பஸ்ஸும்தான். தமுக்கம் மைதானத்துக்குள் முதல்முறை கால் வைத்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகு.

தினமும் போய்வந்தால்

அதனால் அம்மாவின் யோசனையை இங்கேயே பார்த்துவிடுவோம். உன் ஊரிலிருந்து உசிலம்பட்டிக்கு மினி பஸ், அங்கிருந்து ஆரப்பாளையம், ஆரப்பாளையத்திலிருந்து கல்லூரிக்கு இன்னொரு பஸ். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. போக வர நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள். வருடத்துக்கு 180 வேலை நாள் என்றால் 810 மணி நேரம். மூன்று வருடத்தில் 2,430 மணி நேரம், அதாவது ராத்திரி பகல் சேர்த்து 101 நாள் நீ பஸ்ஸிலேயே இருந்திருப்பாய். பஸ்ஸில் படித்துக்கொள்வேன் என்று சொல்லாதே. செக்கானூரணியில் ஏறுகிற கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

2022-ல் மறுபடி ஓட ஆரம்பித்த தேனி ரயில் உசிலம்பட்டியில் நிற்கிறதே என்று கேட்பாய். அது காலையில் மதுரையிலிருந்து கிளம்பி மாலையில் மதுரைக்குத் திரும்புகிற ரயில். உனக்கு எதிர்த்திசை. 2021 மே முதல் பெண்களுக்கு பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதும் சாதாரண டவுன் பஸ்ஸுக்குத்தான். தேனி, உசிலம்பட்டி போகிற மொபசல் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

வீட்டுச் சாப்பாடும் அம்மா பக்கத்தில் இருப்பதும் சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. வேறு வழியே இல்லாவிட்டால் இப்படியும் படிக்கலாம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் பி.காமுடன் சி.ஏ.வும் என்று நீ நினைத்தால், ராத்திரி ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறவளுக்கு அது மிகக் கஷ்டம். முதல் மணி வகுப்பு அடிக்கடி தவறும், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கும், அப்புறம் அபராதம் கட்டி ஹால் டிக்கெட் வாங்குகிற கதைதான். அம்மாவிடம் இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டு. வாதம் செய்யாதே, கணக்கை மட்டும் காட்டு.

அப்பா சொல்லும் காம்பவுண்டு

உன் அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். பெண்ணை முதல்முறை வெளியே அனுப்புகிற தகப்பனுக்குச் சுவர் தெரிந்தால் நிம்மதி. காப்பாளராக இருந்த காலத்தில் வருடா வருடம் ஜூன் மாதம், விடுதிச் சுவரின் உயரத்தைக் கண்ணாலேயே அளக்கிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சுவரைவிட முக்கியமானது சுவருக்குள்ளே யார் பொறுப்பு என்பது. அதை எப்படிப் பார்ப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தால் அவரே உன் பக்கம் நிற்பார்.

தங்கிப் படிக்கும் வாழ்க்கை என்பதே தனி. திருவேடகத்தில் 1971-ல் தொடங்கிய விவேகானந்தா கல்லூரியில் பையன்கள் தங்கித்தான் படிக்க வேண்டும், அது குருகுலம். சின்னாளப்பட்டி பக்கம் காந்திகிராமப் பல்கலைக்கழகமும் தங்கிப் படிப்பதை மனதில் வைத்து வளர்ந்த இடம். பிள்ளைகளின் மாலை நேரம் எப்படிப் போக வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவர்கள் உருவாக்கியவை அவை. சாலையோரத்தில் முளைத்த பல கல்லூரிகளில் விடுதி வெறும் கட்டடம்தான். ஆறு மணிக்கு வருகைப்பதிவு, எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்து மணிக்கு விளக்கை அணை. மைதானம் பெரிதாக இருக்கும், ஐந்து மணிக்கு மேல் பெண்கள் இறங்கக் கூடாது. நூலகம் ஏசி போட்டு ஜோராக இருக்கும், நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள். இன்ஸ்டாவில் நீ பார்த்த மரங்கள் நிஜம்தான். அந்த மரத்தடியில் எத்தனை மணி வரை உட்காரலாம் என்பதைத்தான் விசாரிக்க வேண்டும்.

அட்மிஷன் நாளில் பார்த்ததைக் கணக்கில் எடுக்காதே. அன்று எல்லாக் கல்லூரியும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். சாதாரண வேலை நாளில், மாலை நாலரைக்கு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போ. அட்மிஷன் நேரத்தில் சீனியர்கள் லீவில் இருந்தாலும், ஆபீஸில் கேட்டு இரண்டாம் வருட விடுதிப் பெண்கள் இரண்டு பேர் நம்பர் வாங்கு. வார்டன் பக்கத்தில் இல்லாதபோது பேசு. தண்ணீர் உப்பா, கோடையில் எத்தனை நாள் வந்தது? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மெஸ் உண்டா? ராத்திரி ஒரு மணிக்குக் காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவார்கள், எந்த வண்டியில்? ஃபோனை எத்தனை மணிக்கு வாங்கி வைப்பார்கள்? ஊருக்குப் போக அவுட்பாஸ் எத்தனை நாளுக்கு ஒருமுறை? இந்தக் கேள்விகளுக்கு வருகிற பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது உனக்கு நிறையச் சொல்லும்.

ஃபோன் விஷயத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. உன் ஆன்லைன் வகுப்பு அதில்தான் நடக்கப் போகிறது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறிலிருந்து பத்து வரை ஃபோனை ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுத்த மாணவியை வெளியே அனுப்பினார்கள். அவர் வழக்குப் போட்டு, 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி அவரை மறுபடி சேர்க்க உத்தரவிட்டது. அது கேரளத் தீர்ப்பு, தமிழ்நாட்டு விடுதிகளை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக் காட்டலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறையோ இந்தியா முழுவதற்கும் பொருந்தும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத பாரபட்சமான கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதிக்கு மட்டும் போடக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது. நடைமுறையில் பல விடுதிகள் இதைக் கண்டுகொள்வதில்லை. முதல் வாரமே சண்டைக்குப் போ என்று உன்னைத் தூண்டவும் மாட்டேன். விதி இருக்கிறது என்று தெரிந்து பேசுகிறவள் குரல் வேறு மாதிரி இருக்கும், அதற்காகச் சொன்னேன்.

அப்பா பார்க்க வேண்டியவை இரண்டு. பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு கல்லூரியில் இருக்கிறதா, உறுப்பினர்களின் பெயரும் ஃபோன் நம்பரும் வெளியே எழுதி வைத்திருக்கிறார்களா? ராகிங் தடுப்புக்கான 1800-180-5522 என்ற எண் விடுதிச் சுவரில் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இவை இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தால் அப்பா நிம்மதியாகத் தூங்கலாம்.

அத்தை வீடு

சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தை பாசத்தில்தான் கூப்பிடுகிறார், சந்தேகப்படாதே. அத்தை மகனும் நல்ல பையனாகவே இருக்கட்டும். ஆனால் முறைப்பையன் இருக்கிற வீட்டில் மூன்று வருடம் தங்கினால் ஊர் தானாக ஒரு நிச்சயதார்த்தத்தை நடத்திவிடும். இரண்டாம் வருடம் முடிவதற்குள் யாராவது "எப்போ சாப்பாடு போடப் போறீங்க?" என்று கேட்பார்கள். உனக்கு அதில் விருப்பம் இருந்தால் அது வேறு விஷயம், நீயே வாய் திறந்து சொல். ஒரே வரியில் எழுதிவிட்டு நீ ஓடியதைப் பார்த்தால் விருப்பம் இருப்பதாகத் தெரியவில்லை. மறுத்தால் அத்தை மனம் புண்படும் என்றால், காரணத்தைக் கல்லூரி மேல் போடு: "ஹாஸ்டல்ல இருந்தாத்தான் கம்பைன் ஸ்டடி பண்ண முடியும் அத்தை, ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்." ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே போ. மதுரையில் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்க ஒரு வீடு இருப்பது பெரிய பலம்.

பணம், முன்பணம், சான்றிதழ்

நீ எழுதியபடி வளாகக் கல்லூரியில் விடுதி, மெஸ், ஃபீஸ் எல்லாம் சேர்த்து வருடம் 95,000. நகரக் கல்லூரியில் ஃபீஸ் 32,000 தான் என்பதால் அதுதான் மலிவு என்று நினைத்திருக்கிறாய். வெளியே தனியார் விடுதி மாதம் 6,500 என்றும் நீயே விசாரித்திருக்கிறாய். பத்து மாதத்துக்கு 65,000. கூட்டிப் பார், 97,000 வருகிறது. இரண்டும் ஒன்றுதான். (வணிகவியல் மாணவி, இதை நான் கூட்டிக் காட்ட வேண்டியிருக்கிறதே!)

அந்த 32,000 எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவா, எஸ்.எஃப். (சுயநிதி) பிரிவா என்று நீ எழுதவில்லை. எஸ்.எஃப். என்றால், எய்டட் பிரிவில் காத்திருப்போர் பட்டியல் எதுவரை நகர்ந்திருக்கிறது என்று உடனே கேள். 531 மார்க்குக்கு வாய்ப்பு இருக்கலாம், ஃபீஸ் நன்றாகக் குறையும். எஸ்.எஃப். வகுப்பு மதியத்துக்கு மேல் நடக்கிற கல்லூரிகளும் உண்டு. நேரத்தையும் கேட்டுக்கொள்.

புதுமைப்பெண் திட்டம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தால்தான் என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில், நீ எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதுதான் கணக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்குக்கு வரும். கல்லூரியில் அதற்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார்.

வெளியே தனியார் விடுதி என்றால், மாவட்ட ஆட்சியரிடம் வாங்கிய உரிமம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதே. பெண்கள் விடுதிகளுக்கான 2014-ஆம் வருடச் சட்டப்படி அது கட்டாயம். 2024 செப்டம்பரில் பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து உயிர்கள் போனது உனக்கு நினைவிருக்கும். எத்தனை மாடி, எத்தனை படிக்கட்டு, ஜன்னல் கம்பி எப்படி, அடுப்பு எங்கே எரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கட்டில் நல்லதா என்று பார்க்க வேண்டும்.

அப்பா கட்டிய 10,000 போய்விடுமே என்பதற்காக மட்டும் முடிவு எடுக்காதே. சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தை எப்படித் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகையும் வரவேண்டும். நடைமுறைச் செலவு என்று 5 சதவீதத்துக்கு மேல், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல், பிடிக்கக் கூடாது. தேதி நெருங்க நெருங்க 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசித் தேதி போய் முப்பது நாள் கழித்துப் போனால் ஒன்றும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர, கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. "தரமாட்டோம்னு சொல்லிட்டாங்க" என்று அப்பா வாய்வார்த்தையைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். எழுதிக் கேட்கட்டும். மனுவில் தேதி போட்டு, நகலில் சீல் வாங்கச் சொல். அதற்கும் அசையாவிட்டால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம். பெரும்பாலும் அதுவரை போகாது. சீல் வைத்த நகலைப் பார்த்ததும் பேச்சு மாறும்.

என் யோசனை

என் பெண்ணாக இருந்தால் நான் முதலில் நகரக் கல்லூரியின் சொந்த விடுதியைக் கேட்பேன். நீ அதைக் கேட்கவே இல்லை. "வெளி மாவட்டப் பெண்களுக்குத்தான்" என்று யாரோ சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாய். ஒரே மாவட்டம் என்றாலும், பஸ் பயணம் ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தால் காப்பாளருக்கு அது புரியும். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது பேரையூர்ப் பெண்ணுக்கும் எழுமலைப் பெண்ணுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். அங்கே கிடைத்தால் அப்பாவுக்கு ஒரு காம்பவுண்டு, அண்ணனுக்கு ஒரு டவுன், உனக்கு மாலை நேரம்.

அங்கே இடம் இல்லையென்றால் அரசு விடுதி. 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்களே, அவைதான். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் மாணவிகளுக்கு மதுரையில் கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. தங்குவதும் சாப்பாடும் இலவசம். வருமான வரம்பு உண்டு. வசதி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், போய்ப் பார்த்து முடிவு செய். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வை.

இரண்டும் கிடைக்கவில்லை என்றால் வளாகக் கல்லூரிக்கே போ. நாலரை மணிக்கு நூலகம் திறந்திருந்து, ஃபோன் உன் கையில் இருந்து, சீனியர்கள் முகத்தில் தெளிவும் இருந்தால் அது நல்ல இடம்தான். திருமங்கலம் வழியாக உன் ஊருக்கும் அது ஒன்றும் தூரமில்லை. காடு என்று அண்ணன் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. காமராசர் பல்கலைக்கழகத்தை நாகமலைப் பக்கம் வைத்தபோதும் அதைக் காடு என்றுதான் சொல்லியிருப்பார்கள். லீவு விடுகிற சனிக்கிழமைகளில் அத்தை வீட்டுக்கு வந்து, ஞாயிறு முழுக்க நத்தம் சாலை நூலகத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம். தனியார் விடுதியும் தினசரி பஸ்ஸும் என் பட்டியலில் கடைசி.

எங்கே சேர்ந்தாலும் முதல் இரண்டு மாதம் அழுகை வரும். விடுதியில் ஆவணி மாதம்தான் பெட்டியைக் கட்டுகிற மாதம். அப்போது எந்த முடிவும் எடுக்காதே. தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்த பெண்கள் அப்புறம் பெட்டியைக் கட்டி நான் அதிகம் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலை நகரக் கல்லூரி ஆபீஸுக்கு அப்பாவோடு போய் விடுதி விண்ணப்பம் கேள், எய்டட் பட்டியலையும் கேள். மதியத்துக்கு மேல் திருமங்கலம் பஸ் ஏறினால் நாலரைக்கு வளாகத்தில் இருக்கலாம். 10,000 கட்டிய ரசீதை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் வைத்துக்கொள். அசல் ரசீதை யார் கேட்டாலும் கொடுக்காதே.